பாக்கெட்டில் அடங்கும் ரிவால்வர்
பள்ளிப்பட்டு வியாபாரிக்குக் கை கொடுக்குமா?

பள்ளிப்பட்டு:-

மணி இரவு எட்டரை. பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை பக்கம் தறிக்காரர்களிடம் கணக்கு முடித்துவிட்டு ஒரு ஜவுளி வியாபாரி மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். பெட்டியில் ரொக்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்புக் கொல்லை. விளக்கு கிடையாது. பின்னால் ஒரு வண்டி வெகுநேரமாக வருகிறது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.

அன்று ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார். ஆனால் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர் சொன்னார்:

"மாமா, சின்னதா ஒரு ரிவால்வர் வாங்கி இடுப்புல வெச்சிக்கினீங்கன்னா எவன் கிட்ட வருவான்?"

இப்படி ஒரு பேச்சு எத்தனையோ வியாபாரிகள் வீட்டில் நடந்திருக்கும். பேச்சு சுலபம். வாங்கப் போனால்தான் தெரியும். எது கிடைக்கும்? எது சட்டப்படி செல்லும்? எது கைக்கு அடங்கும்? அதை விடப் பெரிய கேள்வி, அதை வைத்துக்கொண்டு நகரி வரை போய்வர முடியுமா?

அதன் விவரம் வருமாறு:-

நினைத்ததை வாங்க முடியாது!

சினிமாவில் கதாநாயகன் தூக்கிக் காட்டும் துப்பாக்கி எதையும் நம்மூர் ஆசாமி கடையில் கேட்டு வாங்க முடியாது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மில்லி மீட்டர், .38 போன்ற ரகங்கள் "தடை செய்யப்பட்ட ரகம்". சாதாரண மனிதருக்கு அதற்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு.

தற்காப்புக்கு என்று கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று .32. மற்றொன்று .22. இந்த எண்கள் துப்பாக்கிக் குழலின் துளை அளவைக் குறிப்பவை. அங்குலக் கணக்கு. .22 என்றால் ஐந்தரை மில்லி மீட்டருக்குக் கொஞ்சம் மேல். .32 என்றால் ஏறக்குறைய எட்டு மில்லி மீட்டர்.

கண்ணுக்கு வித்தியாசம் சின்னது. குண்டைத் தராசில் போட்டால் தெரியும். .22 குண்டு சுமார் இரண்டரை கிராம். .32 ரிவால்வர் குண்டு ஆறு கிராமுக்கும் மேல். மேலே விழுந்தால் தாக்கமும் அதற்கு ஏற்றபடிதான்.

சந்தையில் உள்ள ரகங்கள்

பல காலமாக நம் நாட்டில் சர்க்கார் தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்டு வந்தது .32 ரிவால்வர். கான்பூரில் தயாரானது. வெள்ளைக்காரர் காலத்து "வெப்லி" துப்பாக்கியின் வம்சம். மேலே உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடங்கும். சுழலும் உருளை திறந்து, சுட்ட தோட்டாவின் காலிக் கூடுகள் வெளியே வரும். ஆறு தோட்டா போடலாம்.

அடுத்து வந்தது "நிர்பீக்". அச்சம் இல்லாதவர் என்று பொருள். டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் மாணவிக்கு நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது அல்லவா? அதன் பிறகு, பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து, 2014 ஜனவரியில் இதைக் கான்பூரில் வெளியிட்டார்கள். டைட்டானியம் கலந்த உலோகம். .32 ரகம். 6 தோட்டா. எடை அரை கிலோ. நகைப்பெட்டி போன்ற அலங்காரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

விலை என்ன தெரியுமா? வெளிவந்தபோது ரூ.1 லட்சத்து 22 ஆயிரத்து 360!

"பஸ்ஸில் கூலி வேலைக்குப் போகிற பெண் இதை வாங்க முடியுமா?" என்று அப்போதே கேட்டார்கள். "துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பைப் பெண்கள் தலையிலேயே கட்டுவதா?" என்று ஆயுத எதிர்ப்பு இயக்கத்தினர் கண்டித்தார்கள்.

இதற்குப் பின் "நிடர்" என்று ஒன்று வந்தது. மேற்கு வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் சரக்கு. .22 ரகம். எடை கால் கிலோதான். எட்டு தோட்டா பிடிக்கும். விலை சுமார் ரூ.35 ஆயிரம் என்று அறிவித்தார்கள். சட்டைப்பையில் போட்டால் கனமே தெரியாது.

புதிதாக 2023 ஆகஸ்டில் வந்தது "பிரபல்". இதுவும் கான்பூர்தான். .32 ரகம், 700 கிராம் எடை, 76 மில்லி மீட்டர் குழல். இதில் குழலை மடக்க வேண்டாம். உருளை பக்கவாட்டில் கதவு போலத் திறக்கும். தோட்டா போடுவது சுலபம்.

எடை குறைந்தால் உதை கூடும்!

"அப்போ கால் கிலோ துப்பாக்கியே போதுமே?" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையைத் தானே வாங்கிக் கொள்ளும். லேசான துப்பாக்கி அதை அப்படியே சுடுபவரின் மணிக்கட்டில் இறக்கும். முதல் குண்டுக்குப் பிறகு கை மேலே போய்விடும். இரண்டாவது குண்டு எங்கே போகும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

லேசான துப்பாக்கியில் பெரிய குண்டு போட்டால் கை தாங்காது. அதனால்தான் கால் கிலோ "நிடரில்" சின்ன .22 போட்டார்கள். கை தாங்குகிறது, ஆனால் குண்டு சின்னதாகி விடுகிறது. பாக்கெட் துப்பாக்கி வாங்குகிற எல்லோருக்கும் உலகம் முழுவதும் இதே இழுபறிதான். சுமக்க வசதியானது சுட வசதி இல்லை. சுட வசதியானது வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.

.22-க்கு இன்னொரு குறை உண்டு. .32 தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவே பொட்டு மாதிரி வெடிமருந்துக் குப்பி இருக்கும். சுத்தியல் அதை அடிக்கும். .22-ல் அந்த மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள்ளே சுற்றிப் பரவி இருக்கும். எங்காவது ஒரு பக்கம் மருந்து சரியாகப் பரவாமல் போனால் "டிக்" என்ற சத்தத்தோடு சரி. வெடிக்காது.

ரிவால்வராக இருந்தால் பிழைத்தோம். விசையை மறுபடி இழுத்தால் உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டல் என்றால் இரண்டு கையாலும் இழுத்துச் சரி செய்ய வேண்டும். அதிகம் பழக்கம் இல்லாதவருக்கு ரிவால்வரே நல்லது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

குழலும் குட்டையாக இருப்பதால் குறி பார்க்கும் தூரம் குறைவு. "நிர்பீக்" 15 மீட்டர் வரை என்றார்கள். "நிடர்" ஏழு மீட்டர் என்றார்கள். அதுவும் பகல் வெளிச்சத்தில், நடுங்காத கையோடு. இருட்டில், வண்டி ஓட்டிக்கொண்டே அல்ல!

வேட்டி மடிப்பில் சொருகலாமா?

கூடவே கூடாது. இடுப்பில் வேட்டிக்குள்ளோ, சட்டைப்பையிலோ வெறுமனே போட்டுக்கொண்டு போவது ஆபத்து. சாவிக்கொத்தோ, பேனாவோ விசையில் மாட்டினால் முதல் குண்டு நம் தொடையில்தான் பாயும். குனியும்போது நழுவிக் கீழே விழுந்தாலும் அதே கதிதான். பழங்கால ரிவால்வர் வைத்திருப்பவர்கள் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுவது இதற்காகத்தான்.

விசையை முழுதாக மூடுகிற உறை வேண்டும். அது உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. வெளியே தெரியும்படி ஆட்டிக் காட்டினால் லைசென்ஸ் போய்விடும்.

கல்யாண வீட்டில், ஊர்வலத்தில் ஜாலிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் ஜெயில்தான். 2019-ம் ஆண்டு சட்டத் திருத்தப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் கையில் ஹேண்டில் பார். இடுப்பில் உறை. அதன் மேல் சட்டை. மழைக்காலம் என்றால் அதற்கும் மேல் ஒரு கோட்டு. வழிமறிப்பவன் ஒரு கை தூரத்தில் கத்தியோடு நிற்பான். வண்டியை நிறுத்தி, சட்டையைத் தூக்கி, உறையைத் திறந்து, துப்பாக்கியை எடுப்பதற்குள் அவன் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பணத்தோடு துப்பாக்கியும் அவன் கையில்!

லைசென்ஸ் படலம்

துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் லைசென்ஸ். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். பள்ளிப்பட்டுக்காரர் என்றால் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மனு அங்கிருந்து போலீசுக்குப் போகும். ஆசாமி எப்படிப்பட்டவர், கேஸ் உண்டா, உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும் சான்று வேண்டும்.

"கையில பணம் பொழங்குது, அதனால வேணும்" என்றால் மட்டும் போதாது. என்ன மிரட்டல், எப்போது, எந்த ஸ்டேஷனில் புகார் என்று காட்ட வேண்டி வரும். எல்லாம் கொடுத்த பிறகும் கலெக்டர் மறுக்கலாம். மறுத்தால் மேல் முறையீடு செய்யலாம். துப்பாக்கி வைத்துக் கொள்வது நம் நாட்டில் பிறப்புரிமை அல்ல.

கிடைத்துவிட்டால் லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். முன்பு 3 ஆண்டாக இருந்தது. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு 3. இரண்டு மாற்றமும் 2019-ல் வந்தவை.

வாங்கும் தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. தேர்தல் வந்துவிட்டால் பல பேர் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டி வரும். ஓட்டு எண்ணி முடிந்து திரும்பி வரும்வரை இடுப்பு காலிதான்.

செக்போஸ்டோடு முடிகிற லைசென்ஸ்!

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. இனிச் சொல்வது பள்ளிப்பட்டுக்கு என்றே உள்ள சங்கடம்.

இந்த ஊரின் கதை தெரிந்ததுதான். திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதி முன்பு சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ந்தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர உறவு மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. கடையில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. நகரிக்கும் புத்தூருக்கும் சித்தூருக்கும் வியாபாரத்துக்குப் போய் வருவது அன்றாட விஷயம்.

ஆனால் துப்பாக்கி லைசென்ஸுக்கு அந்தக் கோடு கல்லில் செதுக்கிய கோடு.

லைசென்ஸில் "எந்த எல்லைக்குள் செல்லும்" என்று ஒரு வரி இருக்கும். மாவட்ட அளவில் வாங்கினால் பொதுவாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டுந்தான். பக்கத்து மாநிலமும் வேண்டும் என்றால் தனியாகக் கேட்டு, காரணம் காட்டி, சர்க்கார் சம்மதித்தால்தான் உண்டு. நாடு முழுவதும் செல்லும் அனுமதி சாமானியருக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

நம் வியாபாரி இடுப்பில் ரிவால்வரோடு நகரியில் உள்ள பாக்கிக்காரரைப் பார்க்கப் போகிறார். பள்ளிப்பட்டில் ஏறும்போது அவர் லைசென்ஸ்தாரர். எல்லையைத் தாண்டிய நிமிஷத்தில் அவர் அனுமதி இல்லாத இடத்தில் ஆயுதம் வைத்திருப்பவர்! சோதனையில் பிடிபட்டால் "எனக்கு லைசென்ஸ் இருக்கு சார்" என்று நீட்டலாம். அந்தக் காகிதத்திலேயே "தமிழ்நாடு மட்டும்" என்று இருக்கும்.

லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் மட்டும் 6 மாதம் வரை சிறை. லைசென்ஸே இல்லாமல் வைத்திருந்ததாகக் கேஸ் போட்டால் அது வேறு கணக்கு. துப்பாக்கி பறிமுதல் ஆகும். லைசென்ஸ் ரத்தாகும். வெளி மாநிலக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும்.

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றால், பயம் இருக்கிற ரோட்டில் துப்பாக்கி இல்லை. ரொக்கம் அதிகம் புரளும் பயணமே எல்லை தாண்டுகிற பயணமாக இருந்தால் ஒன்றே கால் லட்சம் போட்டு வாங்கியது எதற்கு?

கள்ளத் துப்பாக்கி விஷயம்

"இவ்வளவு தலைவலி எதுக்கு? திருட்டுத்தனமா ஒண்ணு கிடைக்குதாம்" என்று காதோடு சொல்பவர்கள் இருப்பார்கள். பீகாரில் முங்கேர் என்ற ஊரின் பெயரே கள்ளத் துப்பாக்கிக்குப் பிரசித்தம். அங்கே சர்க்கார் காலத்துக் கம்மியர் பரம்பரை ஒன்று உண்டு. அதே கைத்திறன் திருட்டுத் தொழிலிலும் இறங்கியது.

அந்தச் சரக்கில் இரண்டு ஆபத்து. குழலின் இரும்பு என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது. சர்க்கார் தொழிற்சாலையில் அளவுக்கு மேல் வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். திருட்டுச் சரக்கில் அந்தச் சோதனையை நடத்துகிறவர் வாங்கியவரேதான். வெடித்தால் விரல் போகும்.

இரண்டாவது, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 2019 திருத்தத்தில் தண்டனையை ஏற்றிவிட்டார்கள். வழிப்பறிக்குப் பயந்தவர் வழிப்பறி செய்தவனோடு ஒரே ஜெயிலில் இருக்க வேண்டியதுதான்.

ராமாவரத்தில் நடந்தது

ரிவால்வர் என்றவுடன் தமிழ்நாட்டில் வயதானவர்களுக்கு நினைவு வருவது ஒரே சம்பவம். 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்துக்கு எம்.ஆர்.ராதா வந்தார். பேச்சு தடித்தது. ரிவால்வர் வெடித்தது. எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவும் தன்னையே சுட்டுக் கொண்டார்.

எதிரும் புதிருமாக இருந்து, ஒரே அறையில் சுட்டும் இரண்டு பேரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு படுத்திருந்த எம்.ஜி.ஆர். அடுத்த மாதம் பரங்கிமலையில் வென்று எம்.எல்.ஏ. ஆனார். ஆனால் அவருடைய பழைய குரல் கடைசி வரை திரும்பவில்லை. ராதா ஜெயிலுக்குப் போய் 1971-ல்தான் வெளியே வந்தார். மேடையில் கொடிகட்டிப் பறந்த கலைஞரின் நாலு ஆண்டு கம்பிக்குள் கழிந்தது.

வழிப்பறிக்காரன் யாரும் அந்த அறையில் இல்லை. சுட்டவரும் சுடப்பட்டவரும் பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கோபமும் வரும் என்பதை மறக்கக் கூடாது. பாக்கித் தகராறு, பங்காளிச் சண்டை, பஸ் ஸ்டாண்டில் வாய்ச்சண்டை எல்லாவற்றுக்கும் அது கூடவே வரும்.

தற்காப்புக்குச் சுட்டாலும் கேஸ் உடனே முடிந்துவிடாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு உரிமை இருக்கிறது. 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள். ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்பது அதிலேயே உள்ள நிபந்தனை. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டு, "உயிருக்குப் பயந்து சுட்டேன்" என்றால் ஜட்ஜ் கேட்பாரா?

அலமாரிச் சாவி யாரிடம்?

பகலில் இடுப்பில் இருப்பது ராத்திரி எங்கே இருக்கும்? தலையணைக்கு அடியிலா? பேரப்பிள்ளை ஓடியாடும் வீட்டில் அது போதுமா? 2007 டிசம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் குர்கான் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் சக மாணவனைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி ஒரு பையனின் தகப்பனாருடையது.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் லைசென்ஸ்தாரர் கையில். வாங்குகிறவர் துப்பாக்கியோடு சேர்த்து நல்ல இரும்புப் பெட்டிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வியர்வையில் துருப்பிடிக்காமல் துடைத்து எண்ணெய் போட வேண்டும். முறையான இடத்தில் போய் அவ்வப்போது சுட்டுப் பழக வேண்டும். பழகாத கையில் எந்த ரகமும் ஒரே ரகந்தான்.

சரி, கடைசியாக என்ன?

மெய்யாகவே மிரட்டல் உள்ளவர், முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர், பழகிக் கொள்ளத் தயாராக இருப்பவர் கேட்டால் சொல்லலாம்: .32 ரிவால்வர், அரை கிலோவுக்குக் குறையாத எடை, விசையை மூடும் உறை. கால் கிலோ .22 என்பது கைப்பலம் குறைந்தவருக்கு, மிக அருகில் மட்டும். எதுவானாலும் வாங்கும் முன் கையில் பிடித்து, காலித் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்க்க வேண்டும். விரல் நடுங்காமல் இழுக்க முடியாவிட்டால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். லைசென்ஸில் எல்லை வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

நம் ஜவுளி வியாபாரிக்கு?

மைத்துனர் மறுநாளும் விடவில்லை. "என்ன மாமா, திருவள்ளூர் போய் மனு போடலாமா?" என்றார்.

வியாபாரி கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தார். பெரிய பாக்கி எல்லாம் இனி பேங்கில் போடச் சொல்லியாயிற்று. சில்லறைப் பாக்கிக்குப் போனிலேயே பணம் வந்துவிடுகிறது. ரொக்கமாக வாங்கித்தான் ஆக வேண்டிய மூன்று இடத்துக்குப் பகலில், இரண்டு பேராக. பின்தொடர்ந்த வண்டியின் நம்பர் பாதி ஞாபகம் இருந்தது. அதை எழுதிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்கே மாமா?"

"ஸ்டேஷனுக்குடா. நாளைக்கு லைசென்ஸே கேட்டாலும் மொதல்ல அந்தப் புகார் காகிதந்தானே கேப்பாங்க!"